சூரப்புலித் தொட்டி

நான் வாழ்நாளில் சொன்ன மிகப் பெரிய பொய் மூன்றே வார்த்தை. "காரம்னா எனக்கு உயிர்."

சொன்ன இடம் ஓர் ஆஸ்பத்திரி கேன்டீன். அப்போது நான் பார்சல் ஆபீசில் சேர்ந்து மூன்றாவது வாரம். ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு பெட்டி எடுத்துப் போயிருந்தேன். கையெழுத்துப் போட வேண்டிய பெண் சாப்பிடப் போயிருக்கிறாள் என்றார்கள். தேடிக்கொண்டு போனேன். வெள்ளைக் கோட்டோடு ஒருத்தி நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டின் ஓரத்தில் இரண்டு பச்சைமிளகாயைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தாள். கடைசியில் ரசித்துச் சாப்பிடத்தான் வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் நிமிர்ந்து பார்த்தாள். அத்தோடு என் மூளை வேலைநிறுத்தம் செய்துவிட்டது. அந்த இரண்டு மிளகாயையும் எடுத்து நறுக்கென்று கடித்து, மேற்படி மூன்று வார்த்தைகளையும் சொன்னேன்.

பெட்டி பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. நான்தான் போய்ச் சேர இருந்தேன்.

அடுத்த வருடம் அவளுக்கும் எனக்கும் கல்யாணம். அதற்குப் பிறகு பதினெட்டு வருடம். வருடத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாள். நாளைக்கு இரண்டு வேளை. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், எனக்குக் கண் கலங்குகிறது.

தட்டில் போட்டுவிட்டு எதிரே உட்காருவாள்.

"காரம் சரியா இருக்காங்க?"

"ம். இன்னும் கொஞ்சம் போடலாம்."

"இன்னுமா?"

"எனக்கு இதெல்லாம் சும்மா ஊதித் தள்ளுற காரம்மா."

இதைச் சொன்னது யார்? நான்தான். எந்த வாயால்? எரிந்துகொண்டிருந்த அதே வாயால். மறுநாள் அந்த 'இன்னும் கொஞ்சம்' தவறாமல் தட்டுக்கு வரும். சொன்ன பேச்சைக் கேட்கும் மனைவி அமைவது எவ்வளவு பெரிய ஆபத்து என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

காரம் முதலில் நாக்கில் ஏறும். அப்புறம் காது. கடைசியில் உச்சந்தலை வேர்க்கும். தலையில் முடி இருந்த காலத்தில் அதை மறைக்க முடிந்தது. இப்போது மைதானம் காலி, எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. "மின்விசிறி சரியா சுத்தலை" என்பேன். அவளும் எழுந்து போய் வேகத்தைக் கூட்டுவாள். சாப்பிட்டதும், கீழே கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்க்கும் சாக்கில் மாடிப்படி இறங்குவேன். அங்கே ஆணியில் என் மழைக்கோட்டு தொங்கும். அதன் உள்பையில் ஒரு சர்க்கரைப் பொட்டலம். இருட்டு மூலையில் நின்று அதை அள்ளி வாயில் போட்டுக்கொள்ளும்போது, திருட்டு என்றால் இவ்வளவு தித்திக்குமா என்று தோன்றும்.

அவளும் எதிரே உட்கார்ந்து அதே சாப்பாட்டைத்தான் சாப்பிடுவாள். ஒரு சொட்டு வேர்வை கிடையாது. நாள் முழுக்க ரத்தத்தைப் பார்க்கிறவள், மிளகாய் அவளை என்ன செய்துவிடும்? என் பங்கு மட்டும் ஒரு சின்ன வாணலியில் தனியாக வரும். வீட்டுத் தலைவனுக்குத் தனி மரியாதை என்று நான் அதில் பெருமை வேறு பட்டிருக்கிறேன்.

உண்மையைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எப்படிச் சொல்வது? அதற்குள் பெயர் பரவிவிட்டது. அவளுடைய அண்ணன், நீச்சல் பயிற்சியாளர், எந்நேரமும் கழுத்தில் விசிலோடு அலைகிறவர், எனக்கு 'அனல் மாப்பிள்ளை' என்றே பட்டம் கொடுத்துவிட்டார். பார்சல் ஆபீசில் மூட்டை தூக்க முடியாதவன், ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாதவன், ஆணி அடித்தால் விரலில் அடிக்கிறவன். எனக்கென்று இருந்த ஒரே வீரம் இதுதான். அதையும் விட்டுவிட்டால் அந்த வீட்டில் நான் யார்?

இப்படி இருக்கும்போது ஒரு நாள் எங்கள் ஆபீசுக்கு ஒரு சின்ன பார்சல் வந்தது. பக்கத்து வீட்டு ரயில் டிரைவருக்கு. ஓய்வு பெற்ற பிறகு மனிதர் செடி வளர்க்கிறார். கையோடு வீட்டுக்கே எடுத்துப் போய்க் கொடுத்தேன். பிரித்துக் காட்டினார். உள்ளே நாலு சின்னக் காகித உறை.

"ஹலபேனோ மிளகாய் விதை சார். நாலு ரகம். இது ஊதாக் காய். இது மஞ்சள். இது பச்சை, நல்ல காரம். இதுவும் பச்சைதான். ஆனா காரம் கிடையாது."

"என்னது?"

"காரமே இல்லாத ஹலபேனோ சார். வாசனை இருக்கும், மொறுமொறுப்பு இருக்கும், ஆள் மட்டும் ஒண்ணும் பண்ண மாட்டான்."

"பாத்தா வித்தியாசம் தெரியுமா?"

"இந்த ரெண்டு பச்சைக்குமா? இலை, பூ, காய், எல்லாம் ஒரே மாதிரிதான். பேர் எழுதி வச்சாத்தான் உண்டு. ஏன் சார், முகம் இப்படிப் பிரகாசமா ஆயிடுச்சு?"

ஆகாதா பின்னே? அந்த நிமிஷம் என் மண்டைக்குள் ஒரு திட்டம் முழுசாக வந்து உட்கார்ந்துவிட்டது. நாலு ரகத்தையும் வீட்டில் வளர்ப்பது. பெயர் எழுதிக் குச்சி நடுவது. நல்ல சமயம் பார்த்து இரண்டு பச்சைக்கும் குச்சியை மாற்றி வைப்பது. காரமான மிளகாய் என்று நினைத்து அவள் காரமில்லாததைப் போட்டுச் சமைப்பாள். நான் "ஆகா, என்ன காரம்!" என்று சொல்லிக்கொண்டே நிம்மதியாகச் சாப்பிடுவேன். வயிறும் பிழைக்கும், வீரமும் பிழைக்கும்.

ஒவ்வோர் உறையிலும் பாதி விதையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

"இனிமே இந்த வீட்டுக்குக் கடை மிளகாய் கிடையாது!" என்று அறிவித்தேன்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "யார் வளக்கப் போறா?"

"நான்!"

"போன தடவை மணி பிளான்ட் வாங்கிட்டு வந்தீங்க."

"அது பழைய கதை."

"பிளாஸ்டிக் செடிக்கு மூணு மாசம் தண்ணி ஊத்தினீங்க."

"வாடாம இருந்துச்சா இல்லையா?"

அவள் சிரித்துவிட்டாள். அவள் சிரித்தால் அனுமதி என்று அர்த்தம். உறைகளை வாங்கிப் படித்தாள்.

"காரம் இல்லாத மிளகாய் எதுக்குங்க?"

"உங்க அண்ணன் மாதிரி நாக்குல வலு இல்லாதவங்க வந்தா போடலாமேன்னுதான்."

"ஓ" என்றாள். அந்த 'ஓ' வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்த மாதிரி இருந்தது.

காரமான பச்சைக்கு 'சூரப்புலி' என்று பெயர் வைத்தேன். காரமில்லாததற்கு 'சாது'. ஐஸ்குச்சியில் எழுதலாம் என்று முடிவு செய்து, குச்சிக்காக நாலு ஐஸ்கிரீம் சாப்பிட்டேன். இந்தத் திட்டத்தில் எனக்குக் கிடைத்த முழு லாபம் அதுதான் என்று அப்போது தெரியாது.

விதைகளை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, காலித் தயிர்க் கப்புகளில் மண் நிரப்பி விதைத்தேன். சூடு வேண்டும் என்று டிரைவர் சொன்னதால் கப்புகளை ஃபிரிட்ஜின் தலைமேல் வைத்தேன். எட்டாவது நாள் முளைக்க வேண்டும். முளைக்கவில்லை. டிரைவர் வந்து கடிகாரத்தைப் பார்த்தார்.

"லேட்டா வருது சார்."

"எவ்வளவு லேட்?"

"விதைக்கு அறிவிப்பு எல்லாம் கிடையாது. காத்திருக்க வேண்டியதுதான்."

பதினோராவது நாள் காலையில், மஞ்சள் கப்பில் ஒரு வளைந்த தண்டு மண்ணைத் தூக்கிக்கொண்டு நின்றது. நான் போட்ட கூச்சலில் அவள் பல் துலக்கிய நுரையோடு ஓடி வந்தாள். இரண்டு பேரும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு பேருக்கும் அன்று வேலைக்கு லேட். சாயந்திரத்துக்குள் சாதுவும் சூரப்புலியும் தலை காட்டினார்கள். ஊதா மட்டும் இரண்டு நாள் கழித்து, நாங்கள் நம்பிக்கையைக் கைவிட்ட பிறகு, வந்தது.

நாற்று ஆறு இலை விட்டதும் தொட்டிக்கு மாற்றும் வேலை. நாலு புதுத் தொட்டி, நாலும் ஒரே அளவு, ஒரே நிறம். அவள் அவற்றைக் கழுவிக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இதுல எதுங்க வைக்கப் போறீங்க?"

"சாது."

"இதுல?"

"சூரப்புலி. எதுக்குக் கேக்கறே?"

"சும்மா."

பக்கத்தில் சிவப்பு நெயில் பாலிஷ் பாட்டில் திறந்திருந்தது. எங்கள் வீட்டில் நெயில் பாலிஷ் நகத்துக்குப் போனதே இல்லை. லேபில் நகச்சாயம் கூடாது. சாவி, குடை, சார்ஜர் என்று எதிலாவது அடையாளப் புள்ளி வைத்துக்கொண்டே இருப்பாள். அதனால் நான் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

தொட்டிகளை ஜன்னல் திட்டில் வரிசையாக வைத்தோம். ஓரத்துத் தொட்டிக்கு வெயில் குறைவு என்பதால், வாரத்துக்கு ஒரு தடவை இடம் மாற்றி வைக்கச் சொன்னார் டிரைவர். இது எனக்கு இன்னும் வசதி. எந்தச் செடி எங்கே இருந்தது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. குச்சி சொல்வதுதான் வேதம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லேபில் டியூட்டி. நான் ஜன்னல் முன்னால் நின்றேன். பார்சல் ஆபீசில் எனக்கு இரண்டே கொள்கை. லேபிளில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உள்ளே இருக்கும் சரக்கு. எந்தக் காரணத்துக்காகவும் பெட்டியைப் பிரித்துப் பார்க்கக் கூடாது. இத்தனை வருட சர்வீசில் ஒரு லேபிளைக்கூட நான் மாற்றி ஒட்டியதில்லை. சூரப்புலிக் குச்சியைப் பிடுங்கிச் சாதுவின் மண்ணில் நட்டேன். சாதுவின் குச்சியைச் சூரப்புலிக்கு நட்டேன். பிறகு கை கழுவினேன், இரண்டு தடவை.

அவள் வந்தாள். செடிகளைப் பார்த்தாள். திட்டில் தண்ணீர் சொட்டியிருக்கிறது என்று தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கித் துடைத்தாள். டீ போட்டுக் கொடுத்தாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளைப் பூ வந்தது. காலையில் பூக்களை விரலால் லேசாகத் தட்டிவிட வேண்டும், அப்போதுதான் காய் பிடிக்கும். அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன். தட்டும்போது ஒவ்வொரு பூவுக்கும் குட்மார்னிங் சொல்லும் பழக்கமும் எப்படியோ வந்துவிட்டது. காய் பிடித்தது, விரல் நீளம் வளர்ந்தது. ஊதாக் காய் கண்ணைப் பறித்தது. ஆனால் என் கண் சூரப்புலிக் குச்சி வைத்த தொட்டியின் மேலேயே இருந்தது.

ஒரு விஷயம் மட்டும் வேடிக்கையாக இருந்தது. அவள் மூன்று தொட்டிக்குத் தினம் தண்ணீர் விடுவாள். சூரப்புலிக்கு மட்டும் மூன்று நாளைக்கு ஒரு தடவைதான்.

"அதுக்கு ஏம்மா தண்ணி இல்லை?"

"தண்ணியைக் குறைச்சா காரம் ஏறுமாம். டிரைவர் அண்ணன் சொன்னார். உங்களுக்குத்தான் காரம்னா உயிராச்சே."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இல்லாத காரம் எங்கிருந்து ஏறும்? பாவம், சாதுவைப் பட்டினி போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து, "நல்லா ஏத்தும்மா, நல்லா ஏத்து" என்று உற்சாகப்படுத்தினேன்.

காயின் தோள்பட்டையில் பழுப்புக் கீறல்கள் விழுந்தால் பறிக்கலாம் என்று அர்த்தம். கீறல் விழுந்தது. முதல் அறுவடைக்கு அவள் டிரைவரையும் அண்ணனையும் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். நான் கேட்காமலேயே கூப்பிட்டாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அன்று காலை, நான் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்னங்க, ஏதாவது சொல்லணுமா?"

"என்ன சொல்லணும்?"

"காரத்தைப் பத்தி."

"சூப்பரா இருக்கும்னு சொல்லணும். வேறென்ன?"

"அண்ணன் உங்களைப் பச்சையா கடிச்சுக் காட்டச் சொல்லுவார். வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க. நான் பாத்துக்கறேன்."

"வேண்டாமா? நானா? அனல் மாப்பிள்ளைம்மா நான்!"

என் காலரைச் சரி செய்துவிட்டுப் போனாள். அந்த விரல்களில் கொஞ்சம் இரக்கம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

சாப்பாட்டு மேஜையில் மூன்று கிண்ணம். ஊதா, மஞ்சள், சாது. நாலாவதைச் செடியிலிருந்து நேராகப் பறிக்கலாம் என்று தொட்டியையே தூக்கி வந்து மேஜை நடுவில் வைத்தாள். குச்சியில் என் கையெழுத்தில் 'சூரப்புலி'.

மச்சான் விசிலை எடுத்துத் துடைத்துக்கொண்டார். "மாப்பிள்ளை, ஒண்ணைப் பச்சையா கடிப்பீங்களா?"

"ஒண்ணா? குழந்தைகளுக்குக் கொடுக்கற அளவு அது. மூணு!"

"சார், பாத்து" என்றார் டிரைவர். "தண்ணி காட்டாம வளத்த காய். வேகம் ஜாஸ்தியா இருக்கும்."

"என்னங்க" என்றாள் அவள். "கடைசியா கேக்கறேன். வேண்டாமே?"

"நீ சும்மா இரும்மா!"

மூன்று காயையும் பறித்தேன். காம்பைக் கிள்ளினேன். மூன்றையும் ஒன்றாக வாயில் போட்டேன். சாதுதானே? பயந்து பயந்து கடித்தால் வீரம் எங்கே தெரியும்? விதையோடு, உள்சதையோடு, நன்றாக, நிதானமாக, நாலு பக்கமும் திருப்பித் திருப்பி மென்றேன். மச்சானைப் பார்த்துக் கண் அடித்தேன்.

அடித்த கண்ணைத் திறக்க முடியவில்லை.

நாக்கு முதலில் போயிற்று. காது இரண்டும் மூடிக்கொண்டன. உச்சந்தலையில் ஊற்றுக் கிளம்பியது. "சார், சிக்னல் சிவப்பாயிடுச்சு!" என்று டிரைவர் கத்துவது எங்கோ தூரத்தில் கேட்டது. மச்சான், யாரோ நீரில் மூழ்குகிறார்கள் என்ற பழக்கத்தில், எழுந்து நின்று விசிலை ஊதினார். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் மேஜையையே இரண்டு சுற்றுச் சுற்றினேன்.

மூன்றாவது சுற்றில் அவள் வழியில் நின்றாள். ஒரு கையில் பெரிய டம்ளர் நிறைய ஆறின பால். இன்னொரு கையில் ஒரு காகிதப் பொட்டலம். எனக்குப் பழக்கமான பொட்டலம்.

"சக்கரை" என்றாள். "உங்க மழைக்கோட்டுல இருந்ததுதான்."

பாலைக் குடித்தேன். சர்க்கரையைக் கொட்டிக்கொண்டேன். மூச்சு வந்தது. மூச்சோடு உண்மையும் வந்துவிட்டது.

"எனக்குக் காரம் ஆகாது! ஆகவே ஆகாது! என்னிக்குமே ஆனதில்லை!"

மச்சான் வாயிலிருந்த விசில் கீழே விழுந்தது. அவள் மட்டும் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, வேலை முடிந்தவள் பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு பெருமூச்சு விட்டாள்.

"அப்பாடா. இதை உங்க வாயால கேக்கத்தாங்க ரெண்டு மாசமா காத்திருக்கேன்."

"இது சாது இல்லையா?" என்று முனகினேன்.

"குச்சியில என்ன எழுதியிருக்கு?"

"சூரப்புலி."

"உள்ளே என்ன இருந்துச்சு?"

"சூரப்புலி."

"லேபிள்ல இருக்கறதுதான் உள்ளே இருக்கும்னு நீங்கதானே சொல்வீங்க? நான் உங்களை ஏமாத்தலைங்க. நீங்க மாத்தினதைச் சரி பண்ணினேன், அவ்வளவுதான்." தொட்டியைத் தூக்கிச் சாய்த்துக் காட்டினாள். அடிப்பாகத்தில் சிவப்பு நெயில் பாலிஷில், 'சூரப்புலி'. "எங்க லேப்ல ரத்தம் பிடிக்கற குழாயோட மூடியில மட்டும் பேர் எழுதினா வேலையை விட்டே தூக்கிடுவாங்க. மூடி மாறிப் போகும். குழாய் உடம்புல எழுதணும். குச்சியும் மூடி மாதிரிதானே? அன்னிக்குத் திட்டைத் துடைக்கும்போது பாத்தேன். மேல ஒரு பேர், கீழ ஒரு பேர். இந்த மனுஷன் எதுக்குக் காரம் இல்லாததைச் சூரப்புலியா ஆக்கறார்னு யோசிச்சேன். அப்புறம்தான் மழைக்கோட்டுல சக்கரை எதுக்குன்னு புரிஞ்சுது. எறும்புக்கு வைக்கறீங்கன்னு நினைச்சிட்டிருந்தேன்."

"அப்போ நீ மட்டும் எப்படி அந்தக் காரத்தைச் சாப்பிட்டே?"

"யார் சாப்பிட்டா? எனக்கும்தான் ஆகாது."

"என்னது?"

"பெரிய பாத்திரத்துல இருக்கறதுல காரமே கிடையாதுங்க. எல்லாம் செஞ்சு முடிச்சு, உங்க பங்கை மட்டும் சின்ன வாணலியில எடுத்து, திரும்பவும் அடுப்புல வச்சு, மிளகாய் அள்ளிப் போட்டு, இருமி இருமிக் கிளறுவேன். பதினெட்டு வருஷமா. தினமும் 'காரம் சரியா இருக்கா'ன்னு கேட்டேன். தினமும் 'இன்னும் கொஞ்சம்'னு சொன்னது யாரு?"

"அந்தக் கேன்டீன்ல நீ மிளகாயை எடுத்து வச்சிருந்தியே?"

"தூக்கிப் போட ஒதுக்கி வச்சிருந்தேன்! நீங்க வந்து எடுத்துக் கடிச்சீங்க. கண்ணுல தண்ணி வந்துச்சு. அப்பவும் சிரிச்சீங்க. நான் வேண்டாம்னு ஒதுக்கினதை ஒருத்தர் இவ்வளவு சந்தோஷமா எடுத்துக்கறாரேன்னுதான் எனக்கு உங்களைப் பிடிச்சுப் போச்சு."

பதினெட்டு வருடம் எனக்காக இருமிக்கொண்டே சமைத்திருக்கிறாள். அதைக் கேட்டதும் என் கண்ணில் மறுபடி தண்ணீர் வந்தது. இந்தத் தடவை மிளகாய்க்குச் சம்பந்தமில்லை. அவளுக்கும் வந்தது. மச்சான் குனிந்து விசிலைத் தேடுகிற மாதிரி மேஜைக்கு அடியிலேயே இருந்துகொண்டார். டிரைவர் மஞ்சள் மிளகாயில் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, பாலில் மிச்சம் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார்.

அன்றோடு சின்ன வாணலி பரண் ஏறியது. இரண்டு பேருக்கும் ஒரே பாத்திரம், ஒரே சாப்பாடு. சமையலறையில் இருமல் இல்லை. என் உச்சந்தலை காய்ந்திருந்தது. முதல் நாள் எனக்கு சொர்க்கம். இரண்டாம் நாள் சொர்க்கத்தின் வராந்தா. மூன்றாம் நாள் ஏதோ குறைந்தது. நாலாம் நாள் ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தேன். சாப்பிடுகிறேனா, வாயை ஆட்டிக்கொண்டிருக்கிறேனா என்று தெரியவில்லை. பக்கத்தில் உப்பு இருந்தது, போட்டுக்கொண்டேன். ஊறுகாய் பாட்டிலைத் தேடினேன், அதையும் பரணில் ஏற்றிவிட்டிருந்தாள்.

"எப்படிங்க இருக்கு?"

"ஆகா. நிம்மதியா இருக்கு."

"காரம் ஏதும் தெரியலையே?"

"ஐயோ, கொஞ்சம்கூட இல்லைம்மா."

மறுபடியும் பொய். நாக்கைப் பதினெட்டு வருடம் நெருப்பில் போட்டுப் பழக்கிவிட்டேன். இப்போது நெருப்பு இல்லாமல் அதற்குத் தூக்கம் வருகிறது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? அண்ணன் எதிரில், டிரைவர் எதிரில், மேஜையை மூன்று சுற்றுச் சுற்றி, 'என்னிக்குமே ஆனதில்லை' என்று கத்தியவன் நான். ஒரு மனிதன் தன் பெயரை எத்தனை தடவைதான் மாற்றிக்கொள்வான்?

பத்தாவது நாள் காலை பொறுக்க முடியவில்லை. அவள் குளிக்கப் போயிருந்தாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பூனை நடை நடந்து ஜன்னலுக்குப் போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, லேபிளை மட்டும் நம்பாமல் தொட்டியைத் தூக்கி அடியிலும் பார்த்தேன். சூரப்புலிதான். தொட்டியை வைத்துவிட்டு ஒரு காயைப் பறித்துக் கடித்தேன். காது அடைத்தது. உச்சந்தலை வேர்த்தது. ஆகா, பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் சொன்ன மூன்று வார்த்தையும் அந்த நிமிஷம் உண்மையாகிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு இருக்கட்டும் என்று இன்னொன்றைப் பறித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் கவனித்தேன். குச்சி கொஞ்சம் திரும்பியிருந்தது. பின்பக்கம் அவள் கையெழுத்து.

'ஒரு நாளைக்கு ஒண்ணுதான்.'

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் மனதைத் தேற்றிக்கொண்டேன். குளிக்கிறவளுக்கு எப்படித் தெரியப்போகிறது? சட்டைப்பையை ஒரு தடவை தட்டிக்கொண்டு திரும்பினேன். இரண்டடி வைத்ததும் ஒரு சந்தேகம் வந்தது. அடியில் பார்த்தேனே, பெயருக்குக் கீழே இன்னொரு வரி இருந்த மாதிரி இருந்ததே? திரும்பிப் போய்த் தொட்டியை மறுபடி தூக்கினேன். இருந்தது. சிவப்பு நெயில் பாலிஷ், இன்னும் முழுசாகக் காயக்கூட இல்லை.

'அந்த ரெண்டாவதை எடுத்து வெளிய வைங்க.'